சொகுசு செடான் விற்பனையில் வணிகப் பெயரின் மதிப்பு

சொகுசு செடான் என்பது நான்கு கதவுகளும் பின்புறத்தில் தனிப் பொருட்பெட்டியும் கொண்ட, விலை உயர்ந்த மகிழுந்து வகையாகும். இதை வாங்குவோர் பயண வசதிக்கு மட்டும் பணம் கொடுப்பதில்லை. முகப்பில் பொறிக்கப்பட்ட பெயருக்கும் சேர்த்தே கொடுக்கின்றனர். பெயரின் மதிப்பு ஒருவரை முதன்முறையாக விற்பனை நிலையத்துக்கு வரவழைக்கிறது. அவர் அடுத்த மகிழுந்துக்கும் அதே நிலையத்துக்கு வருவது வாடிக்கையாளர் விசுவாசம் எனப்படும். இவ்விரண்டும் எவ்வாறு உருவாகின்றன, எவ்வாறு கரைகின்றன என்பதைப் பேக்கார்ட், லெக்சஸ், ஃபேட்டன் ஆகிய மூன்று மகிழுந்துகளின் வரலாறு காட்டுகிறது.

பேக்கார்ட்: பெயரைச் செலவழித்த நிறுவனம்

அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்திலுள்ள வாரன் நகரில் 1899 ஆம் ஆண்டில் பேக்கார்ட் மகிழுந்து தொடங்கப்பட்டது. 1903 இல் நிறுவனம் டெட்ராயிட் நகருக்கு இடம்பெயர்ந்தது. 1921 ஆம் ஆண்டில் வாரன் ஹார்டிங் குடியரசுத் தலைவராகப் பதவியேற்கச் சென்றது பேக்கார்ட் மகிழுந்தில்தான். அமெரிக்கத் தலைவர் ஒருவர் பதவியேற்புக்குக் குதிரை வண்டியை விட்டு மகிழுந்தில் சென்றது அதுவே முதல்முறை. ஏற்கெனவே இதை வைத்திருப்பவரைக் கேட்டுப் பாருங்கள் என்ற பொருள்பட அமைந்த விளம்பர வாசகத்தை நிறுவனம் பல ஆண்டுகள் பயன்படுத்தியது. பழைய வாடிக்கையாளரின் சொல்லே புதிய வாடிக்கையாளரைக் கொண்டுவரும் என்பது அதன் நம்பிக்கை.

1929 இல் தொடங்கிய பொருளாதாரப் பெருமந்தம் விலை உயர்ந்த மகிழுந்துகளின் சந்தையைச் சுருக்கியது. பேக்கார்டின் ஆண்டு உற்பத்தி பத்தாயிரத்துக்கும் கீழே இறங்கியது. இந்நிலையில் 1935 இல் ஏறத்தாழ 1,000 டாலர் விலையில் ‘ஒன் டுவென்டி’ என்ற மகிழுந்து வெளிவந்தது. பேக்கார்ட் என்ற பெயரை எட்டாத கனவாகக் கண்டிருந்த நடுத்தர வகுப்பினர் அதை விரும்பி வாங்கினர். 1937 இல் ஆண்டு உற்பத்தி ஓர் இலட்சத்தைத் தாண்டியது. நிறுவனம் பிழைத்தது.

ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. செல்வந்தரின் வாசலில் நின்ற அதே பெயர் இப்போது தெருவெங்கும் நின்றது. போட்டி நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் வேறு வழியைக் கையாண்டது. காடிலாக்கைவிட விலை குறைந்த மகிழுந்தை 1927 முதல் 1940 வரை ‘லாசால்’ என்ற தனிப் பெயரில் விற்று, காடிலாக் பெயரை உயரத்திலேயே வைத்தது. போருக்குப் பின் சொகுசுச் சந்தையின் முதலிடம் காடிலாக்கிடம் சென்றது.

பேக்கார்டின் வீழ்ச்சிக்கு மலிவு மகிழுந்தே காரணம் என்பது பரவலான கருத்து. எனினும், 1935 இல் அம்முடிவை எடுக்காமல் இருந்திருந்தால் நிறுவனம் அப்போதே மூடப்பட்டிருக்கலாம். போருக்குப் பிந்தைய வடிவமைப்புத் தேர்வுகளும், பெரிய நிறுவனங்களின் மூலதன பலமும் வீழ்ச்சியில் பங்கு வகித்தன.

இறுதிக்கட்டம் இன்னும் தெளிவான பாடமாக அமைந்தது. 1954 இல் பேக்கார்ட், ஸ்டூடிபேக்கர் நிறுவனத்துடன் இணைந்தது. 1956 இல் டெட்ராயிட் உற்பத்தி நின்றது. அடுத்த இரண்டு ஆண்டுகள் ஸ்டூடிபேக்கர் மகிழுந்துகளில் சில மாற்றங்கள் செய்து பேக்கார்ட் பெயரைப் பொருத்தி விற்றனர். மக்கள் அவற்றைப் ‘பேக்கார்ட்பேக்கர்’ என்று கேலி செய்தனர். 1958 உடன் அப்பெயர் சந்தையிலிருந்து மறைந்தது. உள்ளே சரக்கு இல்லாத பெயரை யாரும் வாங்கவில்லை.

லெக்சஸ்: பெயரைப் புதிதாக ஈட்டிய நிறுவனம்

1980களில் டொயோட்டா என்றால் அமெரிக்கர்களுக்குப் பழுதாகாத, சிக்கனமான மகிழுந்து என்றே பொருள். அப்பெயரில் மெர்சிடிஸ்-பென்சுக்குப் போட்டியாக ஒரு சொகுசு செடானை விற்பது கடினம். 1983 இல் நிறுவனத் தலைவர் எய்ஜி டொயோடா உலகின் மிகச் சிறந்த மகிழுந்தை உருவாக்கும் திட்டத்தைத் தொடங்கியபோது, பொறியியலைப் போலவே பெயரும் சிக்கலாக நின்றது. இதற்குத் தீர்வாக ‘லெக்சஸ்’ என்ற புதிய பெயரும், டொயோட்டாவிலிருந்து பிரிந்த தனி விற்பனை நிலையங்களும் ஏற்படுத்தப்பட்டன. ஹோண்டா நிறுவனம் 1986 இல் ‘அக்யூரா’ என்ற பெயரில் இதே வழியில் முன்சென்றிருந்தது.

லெக்சஸ் எல்எஸ் 400 செடான் 1989 சனவரியில் டெட்ராயிட் கண்காட்சியில் அறிமுகமாகி, அவ்வாண்டு செப்டம்பரில் விற்பனைக்கு வந்தது. தொடக்க விலை 35,000 டாலர். ஒத்த அளவுடைய செருமானிய மகிழுந்துகளைவிட இது பெரிதும் குறைவு.

சில மாதங்களிலேயே சோதனை வந்தது. மின்கம்பி இணைப்பிலும் நிறுத்த விளக்கிலும் குறைகள் இருப்பதாகப் புகார்கள் எழுந்தன. தரத்தை மட்டுமே முதலாகக் கொண்டு வந்த புதிய பெயருக்கு இது பேராபத்து. டிசம்பரில் நிறுவனம் அதுவரை விற்ற ஏறத்தாழ 8,000 மகிழுந்துகளையும் சரிசெய்ய முன்வந்தது. உரிமையாளர்களின் வீடுகளிலிருந்து மகிழுந்துகளை எடுத்துச் சென்று, பழுதை நீக்கி, கழுவித் திருப்பிக் கொடுத்தனர். ஏறத்தாழ 20 நாட்களில் பணி முடிந்தது. இழுக்காக முடிந்திருக்க வேண்டிய நிகழ்வு, அப்பெயரின் மதிப்புக்கு அடித்தளமாயிற்று. வாடிக்கையாளர் விசுவாசம் விளம்பரத்தால் மட்டுமன்றி, பழுது வந்த நாளில் நிறுவனம் நடந்துகொள்ளும் முறையாலும் உருவாகிறது என்பதற்கு இது பலமுறை எடுத்துக்காட்டப்படுகிறது.

பெயரின் தகுதி நாட்டுக்கு நாடு மாறும் என்பதும் இங்குக் கவனிக்கத்தக்கது. சப்பானில் இதே மகிழுந்து ‘டொயோட்டா செல்சியோர்’ என்றே விற்கப்பட்டது. கிரௌன், செஞ்சுரி போன்ற மகிழுந்துகளால் அங்கு டொயோட்டா பெயர் ஏற்கெனவே உயர்மட்டத்தில் ஏற்கப்பட்டிருந்தது. லெக்சஸ் பெயர் சப்பானுக்கு வந்தது 2005 இல்தான்.

ஃபேட்டன்: பெயர் உதவாத மகிழுந்து

வோல்க்ஸ்வேகன் என்ற செருமானியச் சொல்லுக்கு ‘மக்கள் மகிழுந்து’ என்று பொருள். அந்நிறுவனம் ஃபெர்டினாண்ட் பீயெக் தலைமையில் உருவாக்கிய ஃபேட்டன் என்ற சொகுசு செடானை 2002 இல் வெளியிட்டது. வெளியே 50 பாகை செல்சியசு வெப்பம் இருக்க, நாள் முழுவதும் மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினாலும் உள்ளே 22 பாகையைக் காக்க வேண்டும் என்பது பீயெக் விதித்த நிபந்தனைகளுள் ஒன்று. டிரெஸ்டன் நகரில் கண்ணாடிச் சுவர்கள் கொண்ட தனித் தொழிற்சாலையில் இது உருவாக்கப்பட்டது.

மகிழுந்தின் தரத்தை வல்லுநர்கள் பாராட்டினர், விற்பனை கைகொடுக்கவில்லை. அமெரிக்காவில் இதன் விலை ஏறத்தாழ 65,000 டாலரில் தொடங்கியது. அவ்வளவு பணம் கொடுத்துச் சாதாரணச் சிறு மகிழுந்தில் உள்ள அதே சின்னத்தை வாங்கப் பெரும்பாலோர் விரும்பவில்லை. 2006 இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து ஃபேட்டன் விலக்கப்பட்டது. 2016 இல் உற்பத்தி நின்றபோது மொத்தம் ஏறத்தாழ 84,000 மகிழுந்துகளே உருவாக்கப்பட்டிருந்தன.

அதே குழுமத்தைச் சேர்ந்த பென்ட்லி இதற்கு நேர்மாறான விளைவைக் கண்டது. ஃபேட்டனுடன் அடித்தளத்தைப் பகிர்ந்துகொண்ட கான்டினென்டல் மகிழுந்துகள் பல மடங்கு விலையிலும் நன்கு விற்றன. அவற்றுள் ஃபிளையிங் ஸ்பர் என்ற செடான் சில காலம் டிரெஸ்டன் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டது. 2007 இல் பென்ட்லியின் ஆண்டு விற்பனை 10,000 ஐ எட்டியது. அடித்தளம் ஒன்று, பெயர் வேறு, சந்தை அளித்த தீர்ப்பும் வேறு.

விசுவாசத்தின் பொருளியல்

பெயர் மீதான பற்று உணர்ச்சி சார்ந்தது மட்டுமன்று. மதிப்புள்ள பெயர் கொண்ட மகிழுந்தின் மறுவிற்பனை விலை மெதுவாகவே குறையும். அமெரிக்காவில் சொகுசு மகிழுந்துகள் பெரும்பாலும் குத்தகை முறையில் எடுக்கப்படுகின்றன. குத்தகை முடியும்போது மகிழுந்துக்கு எஞ்சியிருக்கும் மதிப்பு அதிகமானால், மாதத் தவணை குறையும். தவணை முடிந்து மகிழுந்தைத் திருப்பித் தரும் நாளில் வாடிக்கையாளர் அதே நிலையத்தில் அடுத்த மகிழுந்தை எடுப்பது எளிதாகிறது. இவ்வாறு மதிப்பு விசுவாசத்தையும், விசுவாசம் மதிப்பையும் வளர்க்கின்றன.

தென்கொரியாவின் ஹூண்டாய் இவ்வரலாற்றின் அடுத்த சான்றாகும். 2008 இல் ஜெனசிஸ் செடானைத் தன் பெயரிலேயே விற்றுப் பார்த்த அந்நிறுவனம், 2015 இல் ஜெனசிசைத் தனி வணிகப் பெயராகப் பிரித்தது. சிறந்த மகிழுந்தைச் சில ஆண்டுகளில் உருவாக்கிவிடலாம். அதன் பெயரை மக்கள் நம்புவதற்கு, வாங்கியவர் இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் திரும்பி வரும் காலம் தேவைப்படுகிறது.