மேடைக்கு வெளியேயும் வரங்கள் உண்டு

வேதாகமத்தில் ஆவிக்குரிய வரங்களின் பட்டியல் ஒன்றல்ல. 1 கொரிந்தியர் 12:8-10 ஒன்பது வரங்களைச் சொல்கிறது. ரோமர் 12:6-8 ஏழைச் சொல்கிறது. இரண்டிலும் இடம்பெறுவது தீர்க்கதரிசனம் மட்டுமே. ஆகவே எந்தப் பட்டியலும் முழுமையானதல்ல.

வரத்துக்கான கிரேக்கச் சொல் ‘காரிஸ்மா’. கிருபையைக் குறிக்கும் ‘காரிஸ்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. வரம் நாம் சம்பாதித்ததல்ல. அதில் பெருமைக்கும் இடமில்லை, தாழ்வுணர்ச்சிக்கும் இடமில்லை.

நம் புலம்பெயர் சபைகளில் பாடுபவரையும் பிரசங்கிப்பவரையுமே வரம் பெற்றவர் என்கிறோம். மற்றவர்கள் ஒதுங்கிவிடுகிறார்கள். ஆனால் 1 கொரிந்தியர் 12:28 உதவி செய்வதையும் ஆளுகையையும் அந்நிய பாஷைகளோடு சேர்த்தே சொல்கிறது. அங்கே ஆளுகைக்கான கிரேக்கச் சொல் கப்பலைச் சுக்கான் பிடித்துச் செலுத்துவதோடு தொடர்புடையது. எருசலேமின் ஏழைகளுக்குச் சேர்த்த தர்மப்பணத்தையும் பவுல் தனியே கையாளவில்லை. ஒருவரும் குற்றம் சொல்லாதபடி, சபைகள் தெரிந்தெடுத்த சகோதரனையும் சேர்த்துக்கொண்டார் (2 கொரிந்தியர் 8:19-21). கணக்கை ஒழுங்காக வைப்பதும் ஊழியமே.

நம் வரத்தை எப்படி அறிவது? முதலில் தேவையைப் பார்ப்போம். புதிதாக வந்த குடும்பத்துக்குப் படிவம் நிரப்ப, மருத்துவமனையில் மொழிபெயர்க்க, தனித்திருக்கும் முதியவரைப் பார்க்க ஆள் வேண்டும். ஒன்றை எடுத்துச் சில மாதங்கள் செய்வோம். பிறகு, அதனால் பிறர் பயனடைந்தார்களா என்று மூத்த விசுவாசிகளிடம் கேட்போம். வரத்தைக் கண்டறியும் வினாத்தாள்கள் வழிகாட்டலாம், உறுதிப்படுத்துவது சபையே.

1 பேதுரு 4:10 நம்மை உக்கிராணக்காரருக்கு ஒப்பிடுகிறது. உக்கிராணத்தில் இருப்பது நம்முடையதல்ல, வீட்டாருக்கு உரியது. பூட்டி வைத்தால் பசித்திருப்பவர்கள் அவர்கள்தான்.