எம். எஸ். சுவாமிநாதன்: கடலோர மீட்பும் கொல்லிமலைப் பணியும்

எம். எஸ். சுவாமிநாதன் (7 ஆகஸ்ட் 1925, கும்பகோணம் – 28 செப்டம்பர் 2023, சென்னை) இந்திய வேளாண் அறிவியலாளர். பசுமைப் புரட்சியால் அறியப்பட்ட இவர், பிற்காலத்தில் அலையாத்திக் காடுகளை மீட்பதிலும் மலைவாழ் மக்களின் சிறுதானியங்களைக் காப்பதிலும் ஈடுபட்டார். 1987இல் முதலாவது உலக உணவுப் பரிசைப் பெற்று, அத்தொகையைக் கொண்டு 1988இல் சென்னையில் தம் பெயரிலான ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். 1990இல் உருவான பன்னாட்டு அலையாத்திச் சூழலமைப்புச் சங்கத்தின் முதல் தலைவரும் இவரே.

பிச்சாவரம்

சிதம்பரத்தை அடுத்த பிச்சாவரத்தில் காடு அழிந்ததற்கு விறகு வெட்டும் ஊரார்தான் காரணம் என்ற எண்ணம் பரவலாக இருந்தது. நிறுவனத்தின் ஆய்வு வேறொரு காரணத்தைக் காட்டியது. முற்காலத்தில் பகுதி பகுதியாகக் காட்டை மொட்டையடித்து வெட்டியதால் வெயில் நேரே பட்டு மண் உலர்ந்து தாழ்ந்தது. பள்ளத்தில் தேங்கிய கடல்நீர் வற்ற வற்ற உப்பேறி, கன்றுகள் பிழைக்கவில்லை. ஆகவே 1990களில் மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டப்பட்டன. ஓதநீர் தடையின்றி வந்து போனதும் உப்பு குறைந்தது. வாய்க்கால் கரைகளில் நட்ட வெண்கண்டல் வேர்பிடித்தது. வனத்துறையோடு கிராமக் குழுக்களும் பராமரிப்பில் பங்கேற்றன. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின்போது இக்காட்டின் மறைவில் இருந்த ஊர்களில் சேதம் குறைந்தது. கடலோர ஒழுங்குமுறை விதிகளை ஆராய்ந்து 2005இல் மத்திய அரசுக்கு அறிக்கை தந்த குழுவுக்கும் சுவாமிநாதன் தலைமை வகித்தார்.

கொல்லிமலை

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் மலையாளிப் பழங்குடியினர் சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு பயிரிட்டு வந்தனர். ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகும் மரவள்ளி கைக்குப் பணம் தந்ததால் சிறுதானிய நிலம் சுருங்கியது. சாமையின் உமியை உரலில் இட்டுக் குத்தி நீக்கும் பாடு பெண்கள் தலையில் விழுந்ததும் அதற்கு ஒரு காரணம். நிறுவனம் ஊர்தோறும் விதை வங்கிகளை ஏற்படுத்தியதோடு, உமி நீக்கும் சிறு இயந்திரங்களையும் மகளிர் குழுக்களிடம் தந்தது. குழுக்கள் தானியத்தை அரிசியாகவும் மாவாகவும் விற்று வருவாய் ஈட்டின.

மதிப்பீடு

மரம் நடுவதற்கு முன் மண் ஏன் கெட்டது என்று பார்த்ததும், விதையைக் காப்பதற்கு முன் பெண்களின் உழைப்பைக் கணக்கில் எடுத்ததும் இப்பணிகளின் தனிச்சிறப்பு. சமூகத் தலைமைக்கான மகசேசே விருது (1971), சுற்றுச்சூழலுக்கான டைலர் பரிசு (1991) ஆகியவற்றைப் பெற்ற சுவாமிநாதனுக்கு, மறைவுக்குப்பின் 2024இல் பாரத ரத்னா வழங்கப்பட்டது.