இவன் யார் என்னும் கேள்வி: சேலம், நாமக்கல் சமவெளியும் தமிழ் மர்மக்கதை வாசகரும்

மர்மக்கதை படிப்பவர் இருவர் சந்தித்தால் ஆங்கில வாசகர் உலகில் எழுதாத விதி ஒன்று உண்டு. ஆசிரியர் பெயரைச் சொல்லலாம், பிணம் எந்த அறையில் கிடந்தது என்பதுவரை சொல்லலாம், கொன்றவன் பெயரை மட்டும் சொல்லக் கூடாது. பள்ளிபாளையத்திலோ குமாரபாளையத்திலோ தறிப்பட்டறையில் மாத நாவலைக் கைமாற்றிக்கொள்கிறவர்களிடம் இந்த விதி செல்லாது. "ராஜேஷ்குமாருதுல புதுசா என்னங்க படிச்சீங்க?" என்று ஒருவர் கேட்டால் மற்றவர் முதல் அத்தியாயத்திலிருந்து முடிவுவரை கதையையே சொல்லிவிடுவார். கேட்டவர் கோபித்துக்கொள்வதில்லை. அதே புத்தகத்தை வாங்கிப்போய்ப் படிக்கவும் செய்வார்.

இதை வாசிப்புப் பக்குவமின்மை என்று ஒதுக்குவது எளிது. தமிழ்த் துப்பறியும் புனைகதை பற்றிய விமரிசனம் நெடுங்காலமாக ஏறக்குறைய அதைத்தான் செய்துவந்திருக்கிறது. அதன் பார்வையில் இந்த வகைமை ஒரு கடன் சரக்கு. பண்டித நடேச சாஸ்திரி 1894இல் 'தானவன்' என்னும் போலீஸ் நிபுணனைப் படைத்தார். 1908இல் ஜே. ஆர். ரங்கராஜுவின் 'ராஜாம்பாள்' வந்தது. ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் ஆங்கில நாவலாசிரியர் ரெயினால்ட்ஸையும் பிறரையும் தழுவி எழுதிக் குவித்தார்கள். கதைப்பின்னலுக்கு மூலம் எது என்று தேடினால் இந்தக் கணக்கில் தவறில்லை. ஆனால் கதை எங்கிருந்து வந்தது என்பதும் வாசகர் அதை எப்படிப் பயன்படுத்தினார் என்பதும் வேறுவேறு கேள்விகள். இரண்டாவது கேள்விக்கு இலண்டனில் விடை கிடைக்காது. சேலம், நாமக்கல் சமவெளியோடு தொடர்புடைய சில படைப்புகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படுகிறது: தமிழ் வாசகரின் விருப்பமான மர்மம் 'யார் செய்தது?' என்பதைச் சுற்றி அமையவில்லை, 'இவன் யார்?' என்பதைச் சுற்றி அமைந்தது. முதல் வகைக் கதை முடிவைச் சொன்னதும் செத்துவிடும். இரண்டாவது வகை முடிவு தெரிந்தபின்தான் உயிர்பெறும்.

இதற்கு வாய்ப்பான சான்று 1954ஆம் ஆண்டு. அவ்வாண்டு ஏப்ரலில் ஏவி.எம். நிறுவனத்தின் 'அந்த நாள்' வெளியானது. வீணை எஸ். பாலசந்தர் இயக்கம், ஜாவர் சீதாராமன் எழுத்து, பாட்டே இல்லாத படம். ரேடியோ பொறியாளன் ராஜன் சுட்டுக் கொல்லப்படுகிறான். சந்தேகத்துக்குரியவர்கள் ஒவ்வொருவராக விசாரிக்கப்படுகிறார்கள், முடிவில் மனைவியே கொன்றவள் என்று தெரிகிறது. மேலை இலக்கணப்படி குறை சொல்ல முடியாத துப்பறியும் கதை. ஜூலையில் 'மலைக்கள்ளன்' வந்தது. கோவை பட்சிராஜா ஸ்டூடியோவின் தயாரிப்பு, இயக்கம் ஸ்ரீராமுலு நாயுடு, உரையாடல் மு. கருணாநிதி, கதை நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளையின் நாவல். அவ்வாண்டுத் தமிழ்ப் படங்களில் 'மலைக்கள்ளன்' குடியரசுத் தலைவரின் வெள்ளிப்பதக்கம் பெற்றது, 'அந்த நாள்' தகுதிச் சான்றிதழ் பெற்றது. அரசாங்கத் தேர்வில் இரண்டும் அருகருகே நின்றன. கொட்டகையில் நிலைமை வேறு. 'அந்த நாள்' வசூலில் தோற்றது, 'மலைக்கள்ளன்' மாபெரும் வெற்றியடைந்து இந்தி, தெலுங்கு, கன்னடம், மலையாளம், சிங்களம் என்று பிற மொழிகளுக்கும் போனது. திலீப் குமார் நடித்த 'ஆசாத்' (1955) அதன் இந்தி வடிவம்.

பாட்டு இல்லாததால் ஒன்று தோற்றது, எம்.ஜி.ஆர். இருந்ததால் மற்றது வென்றது என்று சொல்லலாம். அதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் எம்.ஜி.ஆர். அங்கே செய்த வேலை என்ன என்று பார்க்க வேண்டும். அவர் மலைக்கள்ளன், அப்துல் ரஹீம் என்னும் வணிகர், காணாமற்போன அத்தைமகன் குமாரவீரன் ஆகிய மூன்று பேர். பார்ப்பவருக்கு மூவரும் ஒருவர் என்பது முதலிலேயே தெரிந்துவிடுகிறது, முகம்தான் தெரிகிறதே. தெரியாதவர்கள் நாயகி பூங்கோதையும் போலீசாரும்தான். எனவே படத்தின் பதற்றம் நமக்கு விடை தெரியாததால் எழுவதில்லை. நமக்குத் தெரிந்தது அவர்களுக்கு எப்போது தெரியும் என்பதில் எழுகிறது. 'அந்த நாள்' பார்வையாளரை விசாரணை அதிகாரிக்குப் பின்னால் நிறுத்தியது. 'மலைக்கள்ளன்' அவரைக் கள்ளனின் கூட்டாளியாக்கிக்கொண்டது.

நாவலாசிரியரைப் பற்றியும் சற்று நின்று யோசிக்கலாம். 1888இல் மோகனூரில் பிறந்தவர், உப்புச் சத்தியாகிரகத்துக்கு வழிநடைப் பாட்டு எழுதியவர், காந்தியர், 1949இல் சென்னை மாகாணத்தின் அரசவைக் கவிஞர். இப்படிப்பட்டவர் எழுதிப் பெரும்புகழ் பெற்ற நாவலின் நாயகன் ஒரு திருடன்! இலக்கிய வரலாறுகள் இந்த நாவலை ஒரு வரியில் கடந்துபோவதன் காரணம் இந்தச் சங்கடமாக இருக்கலாம். கவிஞர் இளமையில் ஓவியராகவும் இருந்தவர் என்பதை நினைத்தால், முகங்களை மாற்றி மாற்றி வரையும் ஆசை அவருக்கு இயல்பானது என்றே எனக்குப் படுகிறது.

முகங்களை மாற்றும் இதே வேலையைச் சேலம் இதே காலத்தில் இயந்திர அளவில் செய்தது. திருச்செங்கோட்டில் பிறந்து இங்கிலாந்தில் நெசவுத் தொழில்நுட்பம் படித்துத் திரும்பிய டி. ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் முதல் படத்தை 1937இல் வெளியிட்டது. 1940இல் அந்நிறுவனம் எடுத்த 'உத்தமபுத்திர'னில் பி. யூ. சின்னப்பா இரு வேடங்களில் தோன்றினார். தமிழ்த் திரையின் முதல் இரட்டை வேடம் அது. 1950இல் 'திகம்பர சாமியார்' வந்தது. வடுவூராரின் நாவல்களில் வரும் அந்தத் துப்பறியும் சாமியாராக எம். என். நம்பியார் பதினொரு வேடங்கள் தரித்தார். பிற்காலத்தில் வில்லனாகவே நிலைத்துவிட்ட நடிகர் நாயகனாக நின்ற படம், அதிலும் தன் முகத்தோடு நிற்காமல் வேடங்களுக்குள் நின்ற படம். ஏற்காடு சாலையில் இருந்த அந்த ஸ்டூடியோ 1963இல் சுந்தரம் மறைந்த பிறகும் 'வல்லவன் ஒருவன்' (1966), 'சி.ஐ.டி. சங்கர்' (1970) என்று ஜெய்சங்கரை வைத்து உளவாளிப் படங்கள் எடுத்தது. உடையும் துப்பாக்கியும் மாறின, ஆள் மாறாட்டம் மாறவில்லை.

துப்பறியும் கதைக்கு 1929இல் பத்துக் கட்டளைகள் வகுத்த ரொனால்டு நாக்ஸ், முன்னறிவிப்பில்லாமல் இரட்டையர்களையும் உருவ ஒற்றுமை உடையவர்களையும் கொண்டுவரக் கூடாது என்று பத்தாவது கட்டளையில் தடுத்தார். வாசகரோடு ஆடும் ஆட்டத்தில் அது கள்ளாட்டம் என்பது அவர் கருத்து. அந்தக் கட்டளையைக் கையில் வைத்துக்கொண்டு சேலத்துக்கு வந்தால் எதுவுமே தேறாது. இலக்கியக் கோட்பாட்டாளர் டொடோரோவ் 1966இல் எழுதிய கட்டுரையில் துப்பறியும் நாவலுக்குள் குற்றத்தின் கதை, விசாரணையின் கதை என்று இரண்டு இருப்பதாகச் சொன்னார். அவருடைய பிரிவு இங்கே போதாது. 'மலைக்கள்ள'னிலும் 'திகம்பர சாமியா'ரிலும் மூன்றாவதாக ஒரு கதை, மறைந்திருப்பவன் தன்னை வெளிப்படுத்தும் கதை, மற்ற இரண்டையும் விழுங்கிவிடுகிறது.

இந்த மூன்றாவது கதை தமிழ்க் கேட்போருக்குப் புதிதன்று. மேச்சேரி, ஓமலூர்ப் பக்கம் விடிய விடிய நடக்கும் தெருக்கூத்தில் விராட பருவத்தை எடுத்துக்கொள்வோம். பாண்டவர்கள் அஞ்ஞாதவாசத்தில் இருக்கிறார்கள். பீமன் மடைப்பள்ளியில், அருச்சுனன் பேடி உருவில் ஆட்டம் கற்பிக்கும் இடத்தில், திரௌபதி அரசியின் பணிப்பெண்ணாக. அவளிடம் அத்துமீறிய கீசகன் ஒரு காலையில் உருக்குலைந்த பிணமாகக் கிடக்கிறான். கந்தர்வர்கள் கொன்றுவிட்டார்கள் என்று ஊர் நம்புகிறது. அத்தினாபுரத்தில் துரியோதனன் பக்கத்தார் மட்டும் யோசிக்கிறார்கள்: கீசகனை வெறுங்கையால் கொல்லும் வலிமை உலகில் எத்தனை பேருக்கு உண்டு? கொன்ற விதத்திலிருந்து கொன்றவனைக் கண்டுபிடிக்கும் துப்பறிதல் இதுதான். ஷெர்லாக் ஹோம்ஸ் செய்ததும் வேறில்லை. ஆனால் கூத்துக் களரியைச் சுற்றிப் பாய் விரித்து உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கொன்றவன் பீமன் என்பது பிறந்ததிலிருந்தே தெரியும். தெரிந்துதான் விழித்திருக்கிறார்கள்.

ஆ. இரா. வேங்கடாசலபதி 'நாவலும் வாசிப்பும்' நூலில் தமிழ் நாவலின் வருகையோடு உரக்கப் படித்தல் பின்னுக்குப் போய் மௌன வாசிப்பு நிலைபெற்றதை விரிவாகக் காட்டியிருக்கிறார். அவருடைய முடிவை ஏற்றுக்கொண்டே ஒன்று சேர்க்க விரும்புகிறேன். மர்மக்கதையைப் பொறுத்தவரை படிப்பது மௌனமாக நிகழ்ந்தது, பகிர்வது வாய்வழியாகவே தொடர்ந்தது. இதற்குப் பௌதிகக் காரணங்களும் உண்டு. வாரப் பத்திரிகைத் தொடர்களைக் கிழித்துச் சேர்த்துப் பைண்டு செய்த புத்தகத்தில் ஓர் அத்தியாயம் இல்லாமற்போவது சாதாரணம். 1948ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்துக்குப் பின் பெருகிய கிளை நூலகங்களிலும், வாடகைக்குப் புத்தகம் தந்த கடைகளிலும், அதிகம் புழங்கிய துப்பறியும் நாவல்களுக்குக் கடைசித் தாள் இருப்பதே அதிர்ஷ்டம். விட்டுப்போனதை முன்பே படித்தவர் சொல்லித்தான் ஆக வேண்டும். நாவலின் பாதியைப் படித்து மீதியைக் கேட்டவர்கள் ஒரு தலைமுறையில் ஏராளம்.

அப்படிச் சொல்கிறவர் ஆசிரியரைக்காட்டிலும் துப்பறிபவரையே அடையாளமாகக் கொண்டார். சங்கர்லால் கதை, விவேக் கதை, பரத்-சுசீலா கதை, நரேன்-வைஜ் கதை. சங்கர்லாலைப் படைத்த தமிழ்வாணன் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாகத் தன்னையே ஒரு பாத்திரமாக்கிக்கொண்டு பிற்கால நாவல்களில் தானே துப்பறியக் கிளம்பினார். 1980களில் பேருந்து நிலையக் கடைகளில் மாத நாவல்கள் சரம் சரமாகத் தொங்கிய காலத்தில் ஆசிரியர் பெயர்களே ஆள் மாறாட்டக் கதைகளாக இருந்தன. சுபா என்பது ஒருவரா என்று கேட்டால் சுரேஷ், பாலகிருஷ்ணன் என்று இருவர். புஷ்பா தங்கதுரையும் 'திருவரங்கன் உலா' எழுதிய ஸ்ரீவேணுகோபாலனும் ஒருவரே. சுஜாதா என்பது மனைவி பெயர். வாசகர்கள் தமக்குள் பகிர்ந்துகொண்ட செய்திகளில் இவற்றுக்கு நாவல் சுருக்கத்துக்கு இணையான இடம் இருந்தது. 'உனக்குத் தெரியுமா, அவர்தான் இவர்' என்று சொல்வதில் ஒரு தனி இன்பம்.

சுஜாதாவை இந்த வரிசையில் அடக்க முடியாது, அடக்கவும் வேண்டியதில்லை. 1968இல் குமுதத்தில் வந்த 'நைலான் கயிறு' முதல் அவர் எழுதியவை 'யார் செய்தது?' வகையின் நேரான தமிழ் வடிவங்கள். முடிவைச் சொல்லாதே என்று வாசகர் ஒருவரையொருவர் தடுக்கும் வழக்கம் ஓரளவு வேர்பிடித்தது அவர் படைத்த வழக்கறிஞர்கள் கணேஷ்-வசந்த் துப்பறியும் கதைகளால்தான். இங்கேயும் ஒன்று கவனிக்கத்தக்கது. வாசகர் நினைவில் அதிகம் நிற்பது விடை முடிச்சாக இறுகிய நாவல்களைவிட, பேயா, விஞ்ஞானமா என்று கணேஷும் வசந்தும் கடைசிவரை வேறுபடும் 'கொலையுதிர் காலம்'. முடிவைச் சொன்னாலும் அந்த வாதம் முடிவதில்லை.

இந்த வரிசையை ஒரு சமவெளியின் கணக்கில் எழுதுவது சரியா என்ற ஆட்சேபம் நியாயமானது. வடுவூர் மன்னார்குடிப் பக்கம், பட்சிராஜா கோவையில், ராஜேஷ்குமாரும் கோவைக்காரர். மண் மர்மத்தை விளைவிக்கிறது என்று நான் வாதிடவில்லை. வேடக் கதையை நாவலிலிருந்து திரைக்கும், திரையிலிருந்து மீண்டும் அச்சுக்கும் கடத்திய முக்கியமான கண்ணிகள் இங்கே இருந்தன, கூத்துப் பார்வையாளரும் நாவல் வாசகரும் இங்கே ஒரே ஆட்களாக இருந்தார்கள் என்பதுதான் வாதம்.

கண்ணிகளில் கடைசியாக எனக்குப் படுபவர் இந்திரா சௌந்தர்ராஜன். 1958இல் சேலத்தில் பிறந்து மதுரையில் வாழ்ந்து 2024 நவம்பரில் மறைந்தவர். அவருடைய 'விட்டு விடு கருப்பா' நாவல் நாகாவின் இயக்கத்தில் 'விடாது கருப்பு' என்னும் தொலைக்காட்சித் தொடராக 1997இல் சன் டி.வி.யில் தொடங்கியது. தவறு செய்தவர்களைக் குதிரையேறி வந்து கருப்புசாமி தண்டிப்பதாக ஊர் நம்புகிறது. முனியப்பனும் கருப்பணாரும் எல்லையில் நிற்கும் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வாரம் ஒரு பகுதி, இடையில் ஆறு நாள் பேச்சு, கருப்பு யார்? இந்த முறை விடை பார்வையாளருக்கும் தெரியாது. அந்த அளவில் இது 'அந்த நா'ளின் வாரிசு. விடையோ 'மலைக்கள்ள'னின் பக்கம் சாய்கிறது: நாயகன் ராஜேந்திரனுக்குள் பிளந்து நிற்கும் இன்னோர் ஆளுமையே கருப்பு. வேடம் போட்டவனுக்கே வேடம் தெரியவில்லை. மலைக்கள்ளனிடம் மற்றவர் கேட்ட 'இவன் யார்?' என்பதை இங்கே நாயகன் தன்னிடமே கேட்டுக்கொள்ள வேண்டியதாகிறது. 1954இல் இரண்டு கொட்டகைகளில் தனித்தனியாக ஓடிய இரண்டு கேள்விகளும் தமிழில் ஒன்றாகப் பிணைந்தது இந்தத் தொடரில்தான் என்பது என் கணிப்பு. விடை ஊரறிந்த பிறகு யூடியூபில் அதை முதல் பகுதியிலிருந்து பார்க்க உட்கார்கிறவர்கள் ராஜேந்திரன் வரும் காட்சிகளில்தான் கண்ணை வைத்திருக்கிறார்கள்.