நெய்வேலிச் சுரங்கத்தில் வெட்டுப்பற்கள்: கூர்மையும் சமநிலையும்

நெய்வேலி பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தின் வரலாறு பெரும்பாலும் மின்சாரத்தின் வரலாறாகவும் நகரியத்தின் வரலாறாகவும் எழுதப்படுகிறது. அந்த வரலாற்றுக்குள் உள்ளங்கை அளவுள்ள எஃகுப் பல் ஒன்றின் கதையும் இருக்கிறது. பல மாடி உயரமுள்ள அகழ்வு இயந்திரம் மண்ணைத் தொடும் இடம் அதன் வாளியின் விளிம்பில் பொருத்தப்பட்ட பல் மட்டுமே. அது மழுங்கினால் இயந்திரத்தின் மற்ற வலிமையால் பயனில்லை. மழுங்கும் பல்லைக் கூர்மையாக வைத்திருப்பதும், அதைச் சுமக்கும் இயந்திரத்தைச் சமநிலையில் வைத்திருப்பதும் நெய்வேலியில் தொடக்கம் முதலே முக்கியமான தொழில்நுட்பச் சிக்கல்களாக இருந்தன.

நிலத்தடியில் கிடைத்த நிலக்கரி

அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தில், 1930களின் நடுவில், நிலக்கிழார் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் ஆழ்துளைக் கிணறு தோண்டியபோது நீருடன் கருநிறத் துகள்கள் மேலே வந்தன. அது அரசின் கவனத்துக்குச் சென்றது. 1940களில் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை துளையிட்டு ஆராய்ந்தது. விடுதலைக்குப் பின் சென்னை மாகாண அரசும் ஆய்வைத் தொடர்ந்தது. காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில் திட்டம் வடிவம் பெற்றது. 1956 நவம்பர் 14 அன்று நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவு செய்யப்பட்டது. 1957 மே 20 அன்று பிரதமர் ஜவகர்லால் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961 ஆகஸ்டில் நிலக்கரிப் படுகை முதன்முதலாக வெளிப்பட்டது. 1962இல் முதல் அனல்மின் நிலையத்தின் 50 மெகாவாட் அலகு இயங்கத் தொடங்கியது.

இந்த வரிசையில் 1957க்கும் 1961க்கும் இடைப்பட்ட நான்கு ஆண்டுகள் கவனிக்க வேண்டியவை. பணி தொடங்கிய நாளுக்கும் நிலக்கரி கண்ணில் பட்ட நாளுக்கும் இடையே நின்றது மேல்மண். நெய்வேலியில் நிலக்கரிக்கு மேலே சுமார் 50 முதல் 100 மீட்டர் வரை மண்ணும் களியும் மணற்கல்லும் படிந்துள்ளன. ஒரு டன் நிலக்கரி எடுக்க ஏறத்தாழ ஐந்து முதல் ஆறு கன மீட்டர் மேல்மண்ணை வெட்டி அகற்ற வேண்டும். எனவே நெய்வேலியில் நிலக்கரி எடுப்பது என்பது முதலில் மண் வெட்டும் தொழிலாகவே இருந்தது.

வாளிச்சக்கர அகழ்வி

இவ்வளவு மண்ணை மனித உழைப்பாலோ சிறு இயந்திரங்களாலோ அகற்ற முடியாது. ஜெர்மனியின் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களில் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்து வளர்ந்துவந்த வாளிச்சக்கர அகழ்வி இங்கு தேர்வு செய்யப்பட்டது. சுரங்கத் தொழிலாளர் இதனை ‘பக்கெட் வீல்’ என்றே சொல்வர். மேற்கு ஜெர்மனியிலிருந்து வந்த இந்த இயந்திரங்கள்தாம் இந்தியச் சுரங்கத் தொழிலில் இவ்வகையில் முதலாவதாக வந்தவை. நெய்வேலியில் 350, 700, 1400 லிட்டர் கொள்ளளவுள்ள வாளிகளைக் கொண்ட அகழ்விகள் பயன்பட்டுள்ளன.

நீண்ட கையின் நுனியில் பெரிய சக்கரம் ஒன்று சுழல்கிறது. அதன் விளிம்பைச் சுற்றி வாளிகள் உள்ளன. ஒவ்வொரு வாளியின் வாயிலும் பற்கள் பொருத்தப்பட்டுள்ளன. சக்கரம் சுழலும்போதே கை பக்கவாட்டில் அசைகிறது. அதனால் ஒவ்வொரு வாளியும் பிறை வடிவில் ஒரு சீவல் மண்ணை எடுக்கிறது. வாளி மேலே சென்றதும் மண் ஓடும் பட்டையில் விழுகிறது. பட்டைகள் வழியே சென்று, வெட்டி முடித்த பகுதியில் பரப்பி இயந்திரத்தால் கொட்டப்படுகிறது.

இந்த முறையின் பலம் அதன் இடைவிடாத ஓட்டம். அதன் பலவீனமும் அதுவே. அகழ்வி, பட்டை, பரப்பி மூன்றும் ஒரே சங்கிலி. சக்கரம் நின்றால் பட்டையும் பரப்பியும் வேலையின்றி நிற்கும்.

கடலூர் மணற்கல்

ஜெர்மனியின் ரைன்லாந்துப் பகுதிச் சுரங்கங்களில் மேல்மண் பெரும்பாலும் தளர்வான மணலும் களிமண்ணும் சரளையும் ஆகும். நெய்வேலியில் மேல்மண்ணின் பெரும்பகுதி ‘கடலூர் மணற்கல்’ எனப் புவியியலாளர் குறிப்பிடும் படிவு. இதில் கடினமான அடுக்குகள் உண்டு. கடினத்தைவிடப் பெரிய தொல்லை அதன் அரிக்கும் தன்மை. மணற்கல்லின் முக்கியக் கனிமம் குவார்ட்சு. மோசு கடின அளவில் குவார்ட்சின் மதிப்பு 7. சாதாரண மென் எஃகின் மதிப்பு 4 முதல் 5 வரைதான். கடினமான பொருள் மென்மையான பொருளைக் கீறும் என்பதால், பல் மண்ணை வெட்டும் அதே நேரத்தில் மண் பல்லை அரைத்துவிடுகிறது.

தளர்ந்த மண்ணுக்கென வளர்ந்த இயந்திரம் கடினப் பாறையைச் சந்தித்தபோது பற்கள் விரைவாகத் தேய்ந்தன. தேய்ந்த பல்லின் கேடு அதன் நீளக் குறைவோடு நிற்பதில்லை. கூரிய பல்லின் பின்புறத்துக்கும் வெட்டப்படும் பரப்புக்கும் இடையே சிறு இடைவெளிக் கோணம் உண்டு. நுனி மழுங்கும்போது பின்புறம் பாறையில் உரசத் தொடங்கும். அப்போது மோட்டாரின் ஆற்றலில் ஒரு பகுதி வெட்டுவதற்குப் பதிலாக உரசலிலும் வெப்பத்திலும் போகும். பல் சூடேறினால் அதன் உலோகம் இன்னும் மென்மையாகும், தேய்மானம் இன்னும் வேகமாகும். அதிர்ச்சி வாளிக்கும், சக்கரத்தின் பல்லிணைப் பெட்டிக்கும், கைக்கும் பரவும்.

இதில் இன்னொரு நெருக்கடியும் இருந்தது. நெய்வேலி நிலக்கரிப் படுகைக்குக் கீழே அழுத்தத்துடன் நிலத்தடி நீர் உள்ளது. அதன் மேல்நோக்கிய அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரை. மேலே உள்ள மண்ணை எடுக்க எடுக்க, கீழே தடுத்து நிற்கும் எடை குறைகிறது. நீரை இறைத்து அழுத்தத்தைத் தணிக்காவிட்டால் சுரங்கத் தரை பிளந்து வெள்ளம் புகும். ஆகவே இறைப்பு இயந்திரங்கள் இரவு பகலாக ஓட வேண்டும். பல் தேய்ந்து அகழ்வி நின்ற நாளிலும் நீர் இறைப்பை நிறுத்த முடியாது. மண் வெட்டாத நாளுக்கும் செலவு உண்டு.

மூன்று தீர்வுகள்

முதல் தீர்வு வெடி. கடினமான அடுக்குகளில் முன்கூட்டியே துளையிட்டு, வெடிமருந்து நிரப்பி, பாறையைத் தளர்த்திய பின் அகழ்வியை அனுப்பும் முறை நெய்வேலியில் நிலைபெற்றது. வாளிச்சக்கர அகழ்வி வேலை செய்யும் சுரங்கத்தில் இது ஒரு சமரசமே. வெடித்தல் பாறையை வெளியே எறிவதற்காக அல்ல, பல் புகும் அளவுக்கு விரிசல் உண்டாக்குவதற்காகச் செய்யப்படுகிறது.

இரண்டாவது தீர்வு பல்லின் வடிவமும் கோணமும். பல் மிகக் கூர்மையாக, மெலிந்து இருந்தால் எளிதாகப் புகும், ஆனால் எளிதாக முறியும். தடித்திருந்தால் முறியாது, ஆனால் புக அதிக விசை கேட்கும். களிக்கு ஏற்ற பல் மணற்கல்லுக்கு ஏற்றதன்று.

மூன்றாவது தீர்வு உலோகம். இதற்குப் பின்னால் உலக அளவிலான ஒரு வரலாறு உண்டு. 1882இல் இங்கிலாந்தின் ராபர்ட் ஹாட்ஃபீல்டு மாங்கனீசு எஃகைக் கண்டறிந்தார். அடிபட அடிபட மேற்பரப்பு இறுகும் உலோகம் அது. 1920களில் அமெரிக்காவில் எண்ணெய்க் கிணறு துளைக்கும் கருவிகளின் நுனியில் கடின உலோகத்தைப் பற்றவைத்துப் பூசும் முறை பரவியது. அதே காலத்தில் ஜெர்மனியில் டங்ஸ்டன் கார்பைடு தூளைக் கோபால்ட்டுடன் சேர்த்து இறுக்கும் முறை உருவானது. குரூப் நிறுவனம் அதனை ‘விடியா’ என்ற பெயரில் விற்றது. ‘வைரம் போன்றது’ என்பதற்கான ஜெர்மன் சொற்களின் சுருக்கம் அது. மோசு அளவில் டங்ஸ்டன் கார்பைடின் கடினம் சுமார் 9. குவார்ட்சால் அதைக் கீற முடியாது.

அப்படியானால் பல் முழுவதையும் கார்பைடால் செய்யலாமே என்ற கேள்வி எழும். கடினமான பொருள் பெரும்பாலும் நொறுங்கும் தன்மையும் உடையது. பாறையில் மோதும் முதல் அடியிலேயே அத்தகைய பல் உடைந்துவிடக்கூடும். எனவே அடியைத் தாங்கும் எஃகு உடலாகவும், அரிப்பைத் தாங்கும் கடின உலோகம் மேற்பூச்சாகவும் அமைக்கப்படுகின்றன.

தானே கூராகும் பல்

மேற்பூச்சை எங்கே வைப்பது என்பதில் ஒரு நுட்பம் உண்டு. எலியின் முன்பற்களில் கடினமான எனாமல் முன்பக்கத்தில் தடித்துள்ளது. பின்பக்கம் மென்மையானது. கொறிக்கும்போது பின்பக்கம் முதலில் தேய்வதால் முன்பக்க விளிம்பு எப்போதும் உளிபோல் நிற்கிறது. அகழ்விப் பல்லிலும் ஒரு பக்கத்தில் மட்டும் கடின உலோகம் பூசினால், மறுபக்க எஃகு முதலில் தேயும். கடின விளிம்பு முன்னே நிற்கும். வெட்டும் மண்ணே பல்லுக்குச் சாணை பிடித்துவிடும். இருபுறமும் சமமாகப் பூசினால் நுனி உருண்டு மழுங்கும்.

இந்த அறிவு தமிழ்நாட்டு உழவர்க்கு முற்றிலும் புதியதன்று. ஏர்க்கொழு தேய்ந்தால் கொல்லர் உலையில் காய்ச்சி அடித்து நுனியை நீட்டுவது ஊர் வழக்கம். கல் தச்சர்கள் உளியைத் தீட்டிப் பதம் வைக்காமல் வேலையைத் தொடர்வதில்லை. மிகுந்த பதம் வைத்த உளி உடையும், பதம் குறைந்த உளி மடங்கும் என்பது அவர்கள் கைப்பழக்கத்தால் அறிந்தது. உலைக்களத்தின் இடத்தில் மின்பற்றவைப்பு வந்தது. சிக்கல் அதேதான்.

பட்டறை வேலை

பல் மாற்றும்போது முதலில் சக்கரத்தைப் பூட்டி மின்னிணைப்பைத் துண்டிக்க வேண்டும். பின் தேய்ந்த பல்லை வாளியிலிருந்து கழற்றிப் புதியதைப் பொருத்துவர். உடல் நன்றாக உள்ள பற்கள் பட்டறைக்குச் சென்று மீண்டும் உருப்பெறும். அழுக்கையும் விரிசல் விட்ட பழைய பூச்சையும் அரைத்து எடுப்பது முதல் வேலை. கலப்பு எஃகாக இருந்தால் முன்கூட்டியே சூடேற்றிப் பற்றவைத்து, மெல்ல ஆற விட வேண்டும். வேகமாக ஆறினால் விரிசல் விழும். மாங்கனீசு எஃகுக்கு இதற்கு நேர்மாறான விதி. அதை அதிகமாகச் சூடேற்றினால் நொறுங்கும் தன்மை வந்துவிடும். எந்த உலோகம் என்று தெரியாமல் பற்றவைக்கும் பல் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் வேலையில் முறியும்.

எப்போது மாற்றுவது என்பதும் ஒரு கணக்கு. சீக்கிரம் மாற்றினால் பல் வீணாகும். தாமதித்தால் பல்லைத் தாங்கும் பிடியும் வாளியின் உதடும் தேயும். பல்லை மாற்றுவதற்கு ஆகும் நேரத்தைவிட உதட்டைச் சீர்செய்ய ஆகும் நேரம் மிக அதிகம்.

சமநிலை

வெட்டும் கருவிகளில் கூர்மைக்கு அடுத்தது சமநிலை. இதைப் புரிந்துகொள்ளப் புல்வெட்டும் இயந்திரம் நல்ல எடுத்துக்காட்டு. 1830இல் இங்கிலாந்தின் எட்வின் பட்டிங், துணி ஆலையில் கம்பளியின் பிசிறை வெட்டும் இயந்திரத்தைப் பார்த்துப் புல்வெட்டியை உருவாக்கினார். பின்னாளில் வந்த சுழல் தகட்டுப் புல்வெட்டியில் தகடு நிமிடத்துக்குச் சுமார் 3000 முறை சுழல்கிறது. சாணை பிடிக்கும்போது ஒரு முனையில் 20 கிராம் அதிகமாகத் தேய்ந்து, அந்த வேறுபாடு மையத்திலிருந்து 25 சென்டிமீட்டர் தொலைவில் இருந்தால், அச்சை ஏறத்தாழ 50 கிலோ எடைக்குச் சமமான விசை ஒவ்வொரு சுற்றிலும் இழுக்கும். ஆகவேதான் சாணை பிடித்த தகட்டை நடுத்துளையில் தாங்கிப் பிடித்து, எந்தப் பக்கம் தாழ்கிறது என்று பார்த்து, அந்தப் பக்கத்தை மேலும் சிறிது தேய்க்கிறார்கள்.

அகழ்வியின் சக்கரம் மிக மெதுவாகச் சுழல்வது. நிமிடத்துக்கு ஐந்து சுற்று என்று கொண்டால், மையத்திலிருந்து ஐந்து மீட்டரில் 20 கிலோ வேறுபாடு இருந்தாலும் சுழற்சியால் எழும் விசை 3 கிலோ எடையைத் தாண்டாது. ஆயிரம் மடங்கு பெரிய எடை வேறுபாடு, மிகச் சிறிய விளைவு. வேகத்தின் இருமடி விதி இதற்குக் காரணம்.

அகழ்வியில் சமநிலைச் சிக்கல் வேறு வடிவில் வருகிறது. ஒரு வாளியின் பற்கள் கூராகவும் அடுத்த வாளியின் பற்கள் மழுங்கியும் இருந்தால், வெட்டும் விசை வாளிக்கு வாளி மாறி இயந்திரத்தை உலுக்கும். எனவே பற்களைச் சக்கரம் முழுவதும் ஒரே நிலையில் வைத்திருப்பதே இங்கு சமன் செய்தல். மேலும், சக்கரத்தைத் தாங்கும் கைக்கு எதிர்ப்புறம் எதிர்எடை உள்ளது. கனமான பற்களையோ வலுப்படுத்திய வாளிகளையோ பொருத்தினால் நுனியின் எடை கூடும், இயந்திரத்தின் ஈர்ப்பு மையம் முன்னே நகரும். மழைக்காலத்தில் ஒட்டும் களி வாளிகளில் அப்பிக்கொள்ளும்போதும் இதுவே நிகழும். ஆகவே வெட்டும் முனையில் செய்யும் ஒவ்வொரு மாற்றமும் இயந்திரம் முழுவதையும் மீண்டும் கணக்கிடச் சொல்கிறது.

பின்விளைவு

முதல் அனல்மின் நிலையம் 1970இல் 600 மெகாவாட் திறனை எட்டியது. முதல் சுரங்கம் விரிந்தது, 1980களில் இரண்டாவது சுரங்கம் உற்பத்தியைத் தொடங்கியது. மென்மண் இயந்திரம் கடின மணற்கல்லில் நிலைபெற்றிராவிட்டால் இந்த விரிவுகள் நடந்திருக்க முடியாது. அந்த விரிவுகளுக்கு நிலம் தந்த ஊர்களின் இழப்பீடு, வேலைவாய்ப்பு, நீர் பற்றிய கேள்விகள் இன்றும் தொடர்கின்றன. பல் வெட்டியது பாறையை மட்டுமன்று, அதற்கு மேலிருந்த வயலையும்தான். நெய்வேலியின் வரலாற்றை எழுதுவோர் இரண்டையும் ஒரே கணக்கில் வைக்க வேண்டியுள்ளது.

தொழில்நுட்ப வரலாற்றில் நெய்வேலி தரும் பாடம் எளியது. இயந்திரத்தை வெளிநாட்டிலிருந்து வாங்கலாம். அது வெட்டப் போகும் மண் உள்ளூர் மண். அந்த மண்ணுக்கு ஏற்ற பல்லை, அந்த மண்ணிலேயே தேய்த்துப் பார்த்துத்தான் கண்டறிய முடியும்.