கரைக்கு வந்த ஆட்கள்: காவிரிப் படுகையில் பேரிடர்த் தொண்டின் வரலாறு

காவிரிப் படுகையில் பேரிடர்த் தொண்டு எப்படி வளர்ந்தது என்று ஆராய்பவர், சென்னை மாகாணத்தின் 1858ஆம் ஆண்டு முதலாம் சட்டத்திலிருந்து தொடங்குவது நல்லது. கட்டாய உழைப்புச் சட்டம் என்றே அதற்குப் பெயர். ஏரியோ ஆறோ கால்வாயோ, கரை உடைந்து ஊர் மூழ்கும் ஆபத்து நெருங்கிவிட்டது என்று பொறுப்பு அதிகாரி கருதினால் போதும். சுற்று வட்டார ஊர்த் தலைவர்கள் மூலம் ஆட்களைத் திரட்டும் அதிகாரம் அவருக்கு உண்டு. உழைக்கும் வகுப்பைச் சேர்ந்த, உடல்வலு உள்ள ஆண்கள் அனைவரும் கரைக்கு வந்தாக வேண்டும். கரையை அடைக்கத் தேவையான பொருள்களையும் ஊராரிடமிருந்து பெற்றுக்கொள்ளலாம். வேலைக்குக் கூலி உண்டு, வர மறுத்தால் தண்டனையும் உண்டு. அதே சட்டத்தின் பிற்பகுதி, ஊர் வழக்கப்படி நீர்நிலைப் பணிக்கு ஆள் தரக் கடமைப்பட்டவர்கள் தராமல் போனால் அதற்கு ஈடாகப் பணம் வசூலிக்க வழி செய்தது. குடிமராமத்து என்று நாம் இன்று பெருமையோடு நினைவுகூரும் வழக்கம் அதுதான்.

இச்சட்டத்தின் வாசகத்தில் இருக்கும் வகுப்பு வரம்பு நின்று கவனிக்கத்தக்கது. கரை உடைந்தால் மூழ்குவது மிராசுதாரின் நிலம். கழுத்தளவு நீரில் நின்று அடைக்க அழைக்கப்பட்டவரோ நிலமில்லாதவர். தஞ்சை மாவட்டத்தில் அவர் பெரும்பாலும் பண்ணையாள், ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்தவர். படுகையில் பொதுப் பாதுகாப்பு இப்படித்தான் சட்ட வடிவம் பெற்றது. தொண்டு என்ற பெயரில் பின்னால் வந்த ஒவ்வோர் அமைப்பையும் இந்தத் தொடக்கத்தோடு ஒப்பிட்டே மதிப்பிட வேண்டும் என்பது என் கருத்து. யார் அழைக்கப்பட்டார், எந்த உரிமையோடு வந்தார், அவருக்கு என்ன கிடைத்தது என்ற கேள்விகள் ஒன்றரை நூற்றாண்டாகத் தொடர்கின்றன.

ஆள்பலம் ஏன் இவ்வளவு தேவைப்பட்டது என்பதற்கு நிலத்தின் அமைப்பே விடை. கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம் என்று நீர் பிரிகிறது. பிறகு வாய்க்காலாகவும் கன்னியாகவும் கிளைத்து வயலுக்குப் போகிறது. வண்டல் படிந்து படிந்து ஆற்றின் தரை உயர்ந்த இடங்களில், கரை ஒன்றே ஊருக்கும் வெள்ளத்துக்கும் நடுவில் நிற்கும். கரையில் எலி வளையோ நண்டு வளையோ விழுந்து நீர் கசியத் தொடங்கினால், சில மணி நேரத்தில் அது உடைப்பாகிவிடும். வெளியூரிலிருந்து உதவி வந்து சேர அந்த அவகாசம் போதாது. தண்டோரா கேட்ட தொலைவில் உள்ளவர்கள்தான் மண்வெட்டியோடும் கூடையோடும் வந்து சேர முடியும். சவுக்குக் கழி ஊன்றி, கீற்றும் வைக்கோலும் திணித்து, மண் கொட்டி மிதித்து அடைப்பதற்கு ஒரு கைப்பழக்கம் வேண்டும். பொறியாளரின் அறிவுக்கு நிகராக இந்தக் கைப்பழக்கமும் படுகையைக் காத்தது.

1924 ஜூலையில் வந்த காவிரிப் பெருவெள்ளம் அந்தக் கைப்பழக்கத்தின் எல்லையைக் காட்டியது. மண்வெட்டியால் தடுக்கக்கூடிய வெள்ளமல்ல அது. மேட்டூர் அணை 1934இல் திறக்கப்பட்ட பிறகு, படுகையின் வெள்ளப் பாதுகாப்பு கரையிலிருந்து ஷட்டருக்கு நகர்ந்தது. கரைக்காவலரும் லஸ்கரும் பொதுப்பணித் துறையின் ஆட்களாக நின்றார்கள். ஊராரின் பங்கு மெல்லக் குறைந்தது.

தானே முன்வரும் தொண்டரைத் தஞ்சை மாவட்டம் பெருமளவில் கண்டது வேறொரு களத்தில். 1930 ஏப்ரலில் ராஜாஜியின் தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்புச் சத்தியாக்கிரக யாத்திரை புறப்பட்டது. தொண்டர்களுக்கு உணவோ தங்க இடமோ தரக் கூடாது என்று மாவட்ட ஆட்சியர் தார்ன் எச்சரித்தார். அதையும் மீறி வழியெங்கும் மக்கள் சோறிட்டார்கள். இது பேரிடர்ப் பணியல்ல. ஆனால் ஆணைக்கு அஞ்சி வந்த கூட்டத்தையே பார்த்திருந்த மாவட்டம், ஆணையை மீறி ஒன்றுகூடும் ஆற்றலைத் தன்னிடமே கண்டுகொண்டது. தொண்டின் வரலாற்றில் இதற்கும் இடம் தர வேண்டும்.

அரசின் தற்காப்புத் தொண்டு வேறு திசையிலிருந்து, போரிலிருந்து வந்தது. இரண்டாம் உலகப் போரில் விமானத் தாக்குதல் முன்னெச்சரிக்கைப் பணிக்கு நகரங்களில் தன்னார்வலர்கள் சேர்க்கப்பட்டனர். 1942 ஏப்ரலில் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பானியக் குண்டுகள் விழுந்ததும் சென்னையே பாதி காலியானது. 1946 டிசம்பரில் பம்பாயில் தொடங்கிய ஊர்க்காவல் படை, 1962இல் சீனப் போருக்குப் பின் நாடு முழுவதற்குமாகச் சீரமைக்கப்பட்டது. சென்னை மாநிலம் 1963இல் அதற்குத் தனிச் சட்டம் இயற்றியது. 1968இல் வந்த நாடாளுமன்றத்தின் குடிமைத் தற்காப்புச் சட்டமும் எதிரியின் தாக்குதலை மனத்தில் வைத்தே எழுதப்பட்டது. தீயணைப்பு, மீட்பு, முதலுதவி, செய்தித் தொடர்பு என்று அதன் பணிகள் நல்ல பணிகளே. ஆனால் அந்தச் சட்டம் எதிர்பார்த்த ஆபத்து வானத்திலிருந்து வருவது.

படுகையின் ஆபத்தோ கடலிலிருந்தும் ஆற்றிலிருந்தும் வந்துகொண்டே இருந்தது. 1952 நவம்பர் 30இல் நாகப்பட்டினத்தைப் புயல் தாக்கியது. மூன்றே ஆண்டுகளில், 1955இல், அதிராம்பட்டினத்தை அடுத்த ராஜாமடம் பகுதியில் மற்றொரு புயல். 1977 நவம்பர் 12இல் மீண்டும் நாகப்பட்டினம். அதில் நேர்ந்த மரணங்களைப் பற்றி நாடு பேசும் முன்பே, ஒரு வாரத்தில் ஆந்திரக் கரையில் அதைவிடப் பன்மடங்கு பெரிய அழிவு நேர்ந்தது. இத்தனைக்குப் பிறகும் தற்காப்புச் சட்டத்தின் வாசகம் மாறவில்லை. கடற்கரை மீனவர் ஊர்களும் ஆற்றங்கரைச் சேரிகளும் அந்தச் சட்டத்தின் பார்வைக்கு வெளியே கிடந்தன.

ஊர்க்காவல் படை மாவட்டங்களில் வேரூன்றியது உண்மை. காவல்துறைக்குத் துணை, போக்குவரத்து, திருவிழாக் கூட்டம் என்று அதன் வேலை அமைந்தது. கும்பகோணம் போன்ற ஊரில் கூட்டத்தை ஒழுங்குசெய்வது உயிர்காக்கும் வேலை. 1992 பிப்ரவரி 18 மகாமகத்தில் நெரிசலில் ஏறத்தாழ 50 பேர் இறந்தார்கள். 2004, 2016 மகாமகங்கள் அத்தகைய பேரிழப்பின்றி முடிந்தன. படித்துறையில் கயிறு பிடித்து நின்ற இளைஞர்களுக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் அதே ஊரில் 2004 ஜூலை 16 அன்று பள்ளியின் கீற்றுக் கூரையில் தீப்பிடித்து 94 குழந்தைகள் கருகினார்கள். முதலில் ஓடிவந்தவர்கள் அக்கம்பக்கத்தார். துணிவுக்கு அவர்களிடம் குறைவில்லை. பள்ளியிலோ தெருவிலோ தீத்தடுப்புப் பயிற்சி பெற்ற ஒரு குழு முன்கூட்டியே இருந்திருக்க வேண்டும் என்று எண்ணும்போதெல்லாம் மனம் ஆறுவதில்லை.

ஐந்து மாதங்கள் கழித்துச் சுனாமி வந்தது. 2004 டிசம்பர் 26இல் தமிழகத்தில் இறந்த ஏறத்தாழ 8,000 பேரில் 6,000க்கும் மேற்பட்டோர் நாகை மாவட்டத்தவர். முதல் நாளில் செயல்பட்டவை சட்டம் உருவாக்கிய அமைப்புகள் அல்ல. மீனவர் ஊர்ப் பஞ்சாயத்துகள் பிழைத்தவர்களைக் கணக்கெடுத்தன. நாகூரில் முஸ்லிம் ஜமாத்தினரும் அமைப்புகளின் இளைஞர்களும் சாதி மதம் பாராமல் உடல்களை எடுத்து அடக்கம் செய்தார்கள். தர்கா வீடிழந்தவர்களுக்கு நிழல் தந்தது. புதுவையை அடுத்த நல்லவாடு மீனவர் ஊரில் நடந்தது இன்னும் தெளிவான பாடம். அங்கு எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் கிராமத் தகவல் மையம் இருந்தது. முன்பு அதில் தொண்டராக இருந்த ஒருவர் சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் எச்சரித்தார். ஊரார் மையத்தின் பூட்டை உடைத்து ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஊரே கரையை விட்டு விலகி உயிர் தப்பியது. ஒலிபெருக்கி ஏற்கெனவே ஊருக்குள் இருந்தது, அதை இயக்கத் தெரிந்தவர்களும் இருந்தார்கள்.

வெளியிலிருந்து வந்த உதவி பெருகியபோது புதிய சிக்கல் எழுந்தது. ஒரு குப்பத்தில் துணி மலையாகக் குவிய, அடுத்த குப்பத்தில் குடிநீர் இல்லை. நாகை மாவட்ட நிர்வாகத்தோடு சேர்ந்து தொண்டு நிறுவனங்கள் ஓர் ஒருங்கிணைப்பு மையத்தை அமைத்தன. ஸ்நேகா தொண்டு நிறுவனமும் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பும் அதற்கு முன்னின்றன. யார் எந்த ஊரில் என்ன செய்கிறார் என்ற பட்டியல் தினமும் புதுப்பிக்கப்பட்டது. தன்னார்வத் தொண்டுக்கு ஆளைவிட ஒழுங்கு முக்கியம் என்பதைப் படுகை கற்றது அப்போதுதான்.

அந்த நாட்களின் மற்றொரு பக்கத்தையும் எழுதியாக வேண்டும். அழுகத் தொடங்கிய உடல்களை அகற்ற மற்ற நகராட்சிகளிலிருந்து துப்புரவுத் தொழிலாளர்கள் அழைத்து வரப்பட்டார்கள். பெரும்பாலும் தலித்துகளான அவர்களை யாரும் தொண்டர்கள் என்று அழைக்கவில்லை. முகாம்களிலும் நிவாரணத்திலும் தலித்துகள் ஒதுக்கப்பட்டதை மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்தன. 1858இன் வகுப்பு வரம்பு சட்டப் புத்தகத்துக்கு வெளியே உயிரோடு இருந்தது.

சுனாமி மத்திய சட்டத்தை அசைத்தது. 2005 டிசம்பரில் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. குடிமைத் தற்காப்புச் சட்டத்தின் வரையறைக்குள் பேரிடரைச் சேர்க்கும் திருத்தம் 2009இல் நிறைவேறி அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்தது. தேசியப் பேரிடர் மீட்புப் படையின் ஒரு பட்டாலியன் அரக்கோணத்தில் நிலைகொண்டது. அங்கிருந்து வேதாரண்யம் வர சாலை திறந்திருந்தாலே பல மணி நேரம் ஆகும். அந்த இடைவெளியை நிரப்பத் தமிழக அரசு 4,399 இடங்களைப் பாதிப்புக்கு உள்ளாகக்கூடியவை என்று வரையறுத்து, 30,000க்கும் மேற்பட்ட முதல்நிலைப் பொறுப்பாளர்களின் பட்டியலைத் தயாரித்தது. பெண்கள், மரம் அறுப்பவர்கள், கால்நடை பராமரிக்கத் தெரிந்தவர்கள் எல்லாரும் அதில் இடம்பெற்றார்கள். விழுந்த மரத்தை அறுக்கவும் பசுவைக் காப்பாற்றவும் தெரிந்தவரும் மீட்புப் பணியாளரே என்று ஏற்றுக்கொண்டது அரசின் பட்டியல்களில் நான் மதிக்கும் ஒன்று.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. அதற்கு முன்பே 80,000க்கும் மேற்பட்டோர் முகாம்களுக்கு மாற்றப்பட்டிருந்தனர். 1952இல் நினைத்துப் பார்க்க முடியாத சாதனை அது. ஆனால் விடிந்ததும் பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கம் தென்னந்தோப்புகள் சரிந்து சாலைகள் மூடிக் கிடந்தன. லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. உள்ளூர் இளைஞர்கள் ரம்பமும் அரிவாளுமாக இறங்கி வழி திறந்தபிறகே வெளி உதவி உட்கிராமங்களுக்குப் போக முடிந்தது. முகாமுக்கு அழைத்துச் செல்லும் ஏற்பாடு வலுவாகவும், அதன் பிறகான வாரங்களுக்கான ஏற்பாடு மெலிந்தும் இருந்ததைக் கஜா காட்டியது.

தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் ஆப்த மித்ரா திட்டம் 2016இல் 30 மாவட்டங்களில் சோதனையாகத் தொடங்கி, பின்னர் 350 மாவட்டங்களுக்கும் ஒரு லட்சம் தன்னார்வலர்களுக்கும் விரிவடைந்தது. பன்னிரண்டு நாள் பயிற்சி, மிதவை உடை, கயிறு, முதலுதவிப் பெட்டி, காப்பீடு ஆகியவை இதில் உண்டு. காப்பீடு சிறிய விஷயமல்ல. கரைக்கு வந்தவரின் உயிருக்கும் விலை இருக்கிறது என்று அரசு எழுத்தில் ஒப்புக்கொள்வது அது. நாட்கூலியின் நிலை வேறு. ஊர்க்காவல் படையினர் தன்னார்வலர்களே என்றாலும், அவர்களது ஒரு நாள் படி காவலரின் குறைந்தபட்ச ஊதியத்துக்குக் குறையக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2015இல் தீர்ப்பளித்தது. வெள்ளத்தின்போது வயல் வேலையை விட்டுவிட்டு வரும் படுகைத் தொண்டருக்கு அப்படி ஓர் உரிமை வரவில்லை. 1858இன் கடுமையான சட்டம்கூடக் கூலி தர வேண்டும் என்றது.

2022 ஆகஸ்டில் மேட்டூரிலிருந்து திறந்த நீர் கொள்ளிடத்தில் கரைபுரண்டபோது, மயிலாடுதுறை மாவட்டத்தின் நாதல்படுகை, முதலைமேடு திட்டு, வெள்ளமணல் ஊர்களைத் தண்ணீர் சூழ்ந்தது. மக்களைப் படகில் ஏற்றிக் கரை சேர்த்தார்கள். இத்தனைக்குப் பிறகும், 2025 மே மாதம் நாடெங்கும் குடிமைத் தற்காப்பு ஒத்திகை நடந்தபோது தமிழகத்திலிருந்து பட்டியலில் இருந்தவை சென்னையும் கல்பாக்கமும் மட்டுமே. ஆண்டுதோறும் ஆடியில் ஆற்று வெள்ளமும் ஐப்பசி கார்த்திகையில் புயலும் எதிர்பார்க்கும் தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களை அந்தப் பட்டியலில் சேர்க்கச் சட்டத் தடை எதுவும் இல்லை. 2009இன் திருத்தமே அதற்கு இடம் தருகிறது.