அல்லிநகரத்துக்காரர் கிராமத்தை விட்ட கதை

கம்ப்யூட்டர் கேம் ஆடுகிறவர்களிடம் தீராத சண்டை ஒன்று உண்டு. ‘ரிஸ்க் ஆஃப் ரெய்ன்’ என்று ஒரு கேம் 2013-ல் வந்தது. இரண்டு கல்லூரி மாணவர்கள் உருவாக்கியது. பக்கவாட்டில் ஓடும் தட்டையான படங்கள், அவ்வளவுதான். 2019-ல் அதன் இரண்டாம் பாகம் முழு முப்பரிமாணத்தில் வந்தது. இப்படி ஏதாவது மாறும்போதெல்லாம் “இது நம்ம கேமே இல்லை” என்று ஒரு கோஷ்டி கிளம்பும், “அதையே எத்தனை தடவை ஆடுறது?” என்று இன்னொரு கோஷ்டி பதில் சொல்லும். ஆபீஸில் என் டீம் பையன்கள் இதை மணிக்கணக்கில் பேசுவார்கள். எனக்கு அப்போதெல்லாம் பாரதிராஜாதான் ஞாபகத்துக்கு வருவார்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்குக் காரணம் புரியும். தேனி அல்லிநகரத்தில் பிறந்த சின்னச்சாமிதான் பாரதிராஜா. சினிமாவுக்கு முன்னால் சுகாதாரத் துறையில் மலேரியா ஒழிப்பு வேலை பார்த்தவர். அந்த நாட்களில் பழக்கமானவர்கள்தான் பண்ணைப்புரத்துப் பாவலர் சகோதரர்கள், அதாவது இளையராஜா, கங்கை அமரன் குடும்பம். ‘16 வயதினிலே’ 1977 செப்டம்பர் 15 அன்று வந்தது. கம்பம் பள்ளத்தாக்கில் அது இன்றைக்கும் ‘நம்ம படம்’.

அது ஒரு இண்டி படம் என்பதை மறந்துவிடுகிறோம். முதலில் ‘மயில்’ என்ற பெயரில், கறுப்பு வெள்ளையில், அரசின் திரைப்பட நிதிக் கழக உதவியோடு எடுப்பதாக இருந்த கதை அது. அது நடக்காமல் எஸ்.ஏ.ராஜ்கண்ணு தயாரிப்பாளராக வந்து வண்ணப்படமானது. ஸ்லோ மோஷன் எடுக்கத் தேவையான கேமராவுக்கு வழியில்லை என்று ஸ்ரீதேவியையே மெதுவாக ஓடச் சொல்லி எடுத்தார்கள். வாங்க விநியோகஸ்தர்கள் முன்வரவில்லை, ராஜ்கண்ணுவே வெளியிட்டார். படம் வெள்ளிவிழா.

அடுத்தது ‘கிழக்கே போகும் ரயில்’, 1978 ஆகஸ்ட். அதுவும் கிராமம், அதுவும் பெரிய ஓட்டம். அதோடு முத்திரை குத்தியாகிவிட்டது: இவருக்குக் கிராமம் மட்டும்தான் வரும். பாராட்டுகிற மாதிரியும் சொன்னார்கள், மட்டம் தட்டுகிற மாதிரியும் சொன்னார்கள். அந்தப் பேச்சுக்குப் பதிலாகத்தான் அடுத்த படத்தை எடுத்ததாக அவரே பின்னால் சொல்லியிருக்கிறார்.

அந்தப் பதில் மூன்று மாதத்துக்குள் வந்தது. 1978 அக்டோபர் 28, தீபாவளியை ஒட்டி, ‘சிகப்பு ரோஜாக்கள்’. கோட்டு சூட்டு போட்ட கமல்ஹாசன், பங்களா, கறுப்புப் பூனை, கொன்று புதைத்த பெண்களின் மேல் பூக்கும் ரோஜாத் தோட்டம். வயக்காடும் இல்லை, தெம்மாங்கும் இல்லை. மொத்தமே இரண்டு பாட்டு. கோவணம் கட்டிய சப்பாணியாக வந்த அதே கமல், பாவாடை தாவணியில் வந்த அதே ஸ்ரீதேவி. ஒளிப்பதிவும் அதே நிவாஸ்தான். ஆளை மாற்றாமல் விளையாட்டை மட்டும் மாற்றியது மாதிரி.

என் சித்தப்பாவுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. இன்னும் அந்தப் படத்தை மன்னிக்கவில்லை. “மண்ணைக் காட்டுயான்னு நாங்க கைதட்டுனா, இவரு கத்தியைக் காட்டுறாரு” என்பார். அவருடைய தம்பி அதற்கு நேர் எதிர்: “ஏண்ணே, தேனிக்காரன்னா ஆடு மாடுதான் காட்டணுமா? மெட்ராஸ்காரன் எதை வேணா எடுக்கலாம், நாம மட்டும் வரப்புலயே நிக்கணுமா?” எனக்கு இந்த இரண்டாவது கேள்வி முக்கியமாகப் படுகிறது. ஊர்ப் பாசம் என்று நாம் நினைப்பது, ஊரை விட்டுப் போனவனுக்கு வேலி மாதிரியும் இருந்திருக்கலாம்.

ஆனால் இந்தச் சண்டையில் இரண்டு பேருமே ஒரு விஷயத்தை அப்படியே ஒப்புக்கொள்கிறார்கள்: 16 வயதினிலே எங்கள் மண்ணின் படம், சிகப்பு ரோஜாக்கள் வேறு எங்கிருந்தோ வந்தது. இதை நோண்டிப் பார்த்தால் கதை வேறு மாதிரி இருக்கிறது.

முதலாவது, அந்தக் கிராமம் எங்கள் பக்கம் இல்லவே இல்லை. பெரும்பாலும் மைசூர், கொள்ளேகால் பக்கம் எடுத்தது. ஏன் கர்நாடகா? பாரதிராஜா தொழில் கற்றது கன்னட இயக்குநர் புட்டண்ணா கனகாலிடம். புட்டண்ணாவின் பெயர் நின்றது கிராமத்தை வைத்து அல்ல, மனசை வைத்து. ‘கெஜ்ஜெ பூஜெ’ (1969), ‘சரபஞ்சர’ (1971) இரண்டுமே பெண்ணின் மனம் எப்படி நொறுக்கப்படுகிறது என்பதைத்தான் பேசுகின்றன. சரபஞ்சரவின் நாயகி மனநோயில் விழுந்து மீண்டு வருகிறவள். வீடும் சுற்றமும் அவளை மறுபடி தள்ளிவிடுகின்றன. இந்தப் பள்ளியில் படித்தவர் மனம் பிறழ்ந்த ஒருவனைப் பற்றிப் படம் எடுத்தால் அது திசைமாற்றமா? பாடத்திட்டத்திலேயே இருந்ததுதானே!

இரண்டாவது, அந்தக் கிராமங்களை மறுபடி பாருங்கள். பாட்டை நிறுத்திவிட்டுப் பாருங்கள். பட்டணத்து டாக்டர் மயிலை ஏமாற்றுகிறான். ஊர் வாய் அவள் அம்மாவைச் சாகடிக்கிறது. பரட்டை அவளைச் சீரழிக்க வருகிறான், சப்பாணி கல்லைத் தூக்குகிறான். கிழக்கே போகும் ரயிலில் ஒரு பெண்ணை நிர்வாணமாக ஊரைச் சுற்றி வரச் சொல்கிறார்கள். சிகப்பு ரோஜாக்களில் பெண்களைக் கொல்கிறவன் ஒரு பணக்காரன். கிராமப் படங்களில் அந்த வேலையில் ஊரே பங்கெடுக்கிறது. எது திகில் படம்?

முடிவைக் கவனித்தால் இன்னும் ஆச்சரியம். 16 வயதினிலேயில், கொலை செய்து ஜெயிலுக்குப் போன சப்பாணிக்காக மயில் ரயில் நிலையத்தில் காத்திருக்கிறாள். சிகப்பு ரோஜாக்களில், பல கொலைகள் செய்து, புத்தி பேதலித்து, ஜெயிலில் சாரதா சாரதா என்று முனகிக்கொண்டிருப்பவனுக்காக சாரதா காத்திருக்கிறாள். இரண்டு பேரும் ஸ்ரீதேவி. இரண்டு கைதிகளும் கமல். ஒரு வருஷ இடைவெளியில் அவர் ஒரே முடிவை இரண்டு உடுப்பில் எடுத்திருக்கிறார்.

இசைக்கும் இதே கதைதான். ‘அன்னக்கிளி’ (1976) வந்ததும் இளையராஜாவை நாட்டுப்புறக்காரர் என்று ஒதுக்கி வைத்தவர்கள் உண்டு. அவர் அதற்கு முன்பே தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய சங்கீதம் படித்து முடித்தவர். சிகப்பு ரோஜாக்களின் பின்னணி இசையைக் கேட்டுவிட்டு யாராவது “பண்ணைப்புரத்து வாசனை போச்சே” என்று வருத்தப்பட்டிருந்தால், அந்த வாசனைக்குள் ஏற்கெனவே என்ன கலந்திருந்தது என்று அவருக்குத் தெரியவில்லை.

இதனால் சித்தப்பா கட்சி முழுக்கத் தவறு என்று சொல்ல மாட்டேன். பாணி மாறும்போது ஏதோ ஒன்று நிஜமாகவே காணாமல் போகும். ‘நிழல்கள்’ (1980) நகரத்தில் வேலையில்லாத பையன்களின் கதை; எனக்குப் பிடித்த படம், வைரமுத்துவின் முதல் பாட்டு வந்த படம், ஆனால் ஓடவில்லை. அடுத்த வருஷமே கடலோரக் கிராமத்துக்குப் போய் ‘அலைகள் ஓய்வதில்லை’ எடுத்துத்தான் எழுந்தார். அதே 1981-ல் வந்த ‘டிக் டிக் டிக்’கில் பளபளப்பு இருக்கிறது, வைரக் கடத்தல் இருக்கிறது, பயம் மட்டும் வரவில்லை. அந்தப் படத்தைப் பற்றி சித்தப்பா திட்டும்போது நான் வாயைத் திறப்பதில்லை.

1985-க்கு வந்தால் சண்டை வேடிக்கையாகிவிடுகிறது. ஜனவரியில் ‘ஒரு கைதியின் டைரி’: கமல், பழிவாங்கல், போலீஸ், முழுக்க நகரம். ஆகஸ்டில் ‘முதல் மரியாதை’: சிவாஜி, ஆற்றங்கரை, பரிசல். இரண்டும் ஓடின. சித்தப்பா முதல் மரியாதையை எத்தனை தடவை பார்த்தார் என்பதற்குக் கணக்கில்லை. மண் என்றால் இதுதான் மண் என்பார். அந்த ஆற்றங்கரையும் கர்நாடகாதான், தலக்காடு பக்கம். போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “இருந்துட்டுப் போகட்டும், சிவாஜி நம்ம ஆளுதானே” என்றார்.