வேளாண் உற்பத்திப் பொருளியலும் கணினி வரைபடமும்

இடுபொருளுக்கும் விளைச்சலுக்கும் உள்ள உறவை அளந்து, எந்த அளவோடு நிறுத்தினால் உழவருக்கு இலாபம் மிகும் எனக் கணிக்கும் துறை வேளாண் உற்பத்திப் பொருளியல். ஏர்ல் ஹெடி 1952இல் எழுதிய நூல் இதற்கு அடித்தளமிட்டது. இளநிலை மாணவர்க்கு இதைக் கணினிப் படங்களால் விளக்கியவர்களுள் முதன்மையானவர் கென்டக்கிப் பல்கலைக்கழகத்தின் டேவிட் டெபர்ட்டின். 1986இல் வெளிவந்த அவரது பாடநூலின் முப்பரிமாணப் படங்கள் கணினியில் வரையப்பட்டவை.

திருவண்ணாமலை மாவட்டத்தில், சாத்தனூர் அணைக்குக் கீழே வாழவச்சனூரில், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2014இல் ஒரு வேளாண்மைக் கல்லூரியைத் தொடங்கியது. உற்பத்திப் பொருளியல் அங்கு நடக்கும் இளநிலை வேளாண்மைப் பட்டப்படிப்பின் பாடங்களுள் ஒன்று. மாணவர் முதலில் தடுமாறும் இடம், இடுபொருளைக் கூட்டக் கூட்ட விளைச்சலின் கூடுதல் குறைந்துகொண்டே போகும் என்னும் குறைந்து செல் விளைவு விதி. கரும்பலகையில் இவ்விதி ஒரே வளைகோடாக நின்றுவிடும்; கணினித் திரையில் விலையை மாற்றியதும் அதன்மேல் இலாப உச்சம் நகரத் தொடங்கும்.

விளக்கத்திற்காக ஒரு கற்பனைச் சமன்பாடு: எக்டேருக்கு நெல் விளைச்சல் = 3000 + 24த − 0.08த². இதில் ‘த’ என்பது தழைச்சத்து, கிலோவில். விளைச்சலின் உச்சம் 150 கிலோ தழைச்சத்தில், 4,800 கிலோ. ஒரு கிலோ தழைச்சத்தின் விலை நான்கு கிலோ நெல்லுக்குச் சமமானால், இலாபத்தின் உச்சம் 125 கிலோவிலேயே வந்துவிடும். கடைசி 25 கிலோ உரம் 50 கிலோ நெல்லைத்தான் கூட்டும். அதன் செலவோ 100 கிலோ நெல். ஆனால் தழைச்சத்து தரும் 45 கிலோ யூரியா மூட்டை மானியத்தில் ரூ.266.50க்குக் கிடைக்க, நெல் கிலோ ரூ.23க்கு விற்றால், இலாப உச்சம் 146 கிலோவைத் தாண்டும். மலிவான யூரியாவை உழவர் தாராளமாக இடுவது அறியாமையால் அல்ல என்பது அந்த நகர்விலேயே தெரிந்துவிடும்.

தண்ணீரையும் சேர்த்தால் வளைகோடு ஒரு மலைப்பரப்பாகிறது. கிரிவலப் பாதைபோல் அதை ஒரே உயரத்தில் சுற்றிவரும் கோடே சமஅளவு உற்பத்திக் கோடு. கிணற்றுநீர் குறையும்போது உச்சம் தாழ்வதோடு, உரத்தின் தேவையும் குறைவதைத் திரையில் பார்க்கலாம். ஏரியையும் கிணற்றையும் நம்பிய இம்மாவட்டத்திற்கு இது மிக முக்கியமான பாடம்.

இதற்கு விலையுயர்ந்த மென்பொருள் வேண்டியதில்லை; எக்செல் அட்டவணையே போதும். உள்ளூர்த் தரவுக்கும் வழியுண்டு. திருவண்ணாமலை 1989இல் தனி மாவட்டமாகும்வரை வட ஆற்காட்டில் இருந்தது. அவ்வட்டாரக் கிராமங்களின் நெல், நிலக்கடலைச் சாகுபடியை ஆராய்ந்து பீட்டர் ஹேசலும் சி. இராமசாமியும் 1991இல் நூல் வெளியிட்டனர். அயல்நாட்டு மக்காச்சோள எடுத்துக்காட்டுகளை விட்டு, ஆசிரியர்கள் இத்தகைய தரவிலிருந்து படங்களை வரைய வேண்டும்.